ஆற்றங்கரையில் சாப்பாடு, அழையாத விருந்தாளி!

"அப்பா! புளியோதரை போச்சு!"

என் மகன் போட்ட கூச்சலில், டீக்கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

இடம்: காரவள்ளி. கொல்லிமலையின் அடிவாரம். நேரம்: காலை 9 மணி.

நாமக்கல்லில் இருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரில் வந்தோம். மலை ஏறுவதற்கு முன்பு டீ குடிக்கலாம் என்று இறங்கினோம். என் தாயார், என் மனைவி, 8 வயது மகன், நான் ஆக 4 பேர். சாப்பாட்டுப் பையை மகனின் மடியில் வைத்துவிட்டு, நான் டீ வாங்கப் போனேன்.

அவ்வளவுதான்!

மரத்தில் இருந்து "தொப்" என்று ஒரு கடுவன் குரங்கு குதித்தது. பையின் ஒரு காதை அது பிடித்தது. மறு காதை என் மகன் பிடித்தான். கொஞ்ச நேரம் இழுபறி. பை கிழிந்தது. தயிர் சாதம் தரையில். வடகம் காற்றில். புளியோதரைப் பொட்டலம் மரத்தின் உச்சியில்!

மகனின் புறங்கையில் ஒரு நகக்கீறல். ரத்தம் வரவில்லை. ஆனால் சிவந்திருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. ஒரு கல்லை எடுத்தேன். டீக்கடைப் பாட்டி என்னைத் தடுத்தார்.

"ஏஞ்சாமி, கல்லைப் போடுங்க. அதும் மேல கோவிச்சுக்கிட்டு என்ன பண்றது? பழக்கி விட்டது நாமதானுங்க. மொதல்ல பையன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்க" என்றார்.

அந்தப் பாட்டி சொன்னது எவ்வளவு பெரிய உண்மை என்பது, அன்று மாலை நாங்கள் மலையை விட்டு இறங்கும்போதுதான் எனக்குப் புரிந்தது.

70 வளைவுகள்

கொல்லிமலை நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. முன்பு இது சேலம் மாவட்டத்தைச் சேர்ந்ததாக இருந்தது. 1997-ம் ஆண்டு ஜனவரி 1-ந்தேதி நாமக்கல் தனி மாவட்டம் ஆனது.

கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை இது. ஓரே அம்பினால் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் வீழ்த்தினான் என்று புறநானூறு புகழும் வில்லாளன் அவன். அவனுக்குச் செம்மேட்டில் சிலை இருக்கிறது. ஆடி மாதத்தில் விழாவும் நடக்கிறது.

காரவள்ளியில் ஏறத் தொடங்கினால், 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவுக்கும் எண் எழுதி வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அதை எண்ணிக்கொண்டு போவதே ஒரு வேடிக்கை.

வேடிக்கை இன்னொன்றும் உண்டு. வளைவில் உள்ள கட்டைச் சுவரில் குரங்குகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். கல்யாணப் பந்தியில் இலை போடக் காத்திருப்பவர்களைப் போல!

எந்தக் கார் வேகத்தைக் குறைக்கிறது, எந்தக் கண்ணாடி இறங்குகிறது என்று அவை கவனித்துக்கொண்டே இருக்கின்றன. வளைவில் எல்லா வண்டிகளும் மெதுவாகத்தானே திரும்பவேண்டும்? அதனால் குரங்குகளுக்கு வளைவுதான் வசதியான இடம்.

எங்கே இறங்கலாம்?

கொல்லிமலைக்குப் போகிறவர்களில் பலர் ஓட்டலை நம்பிப் போவதில்லை. வீட்டில் சமைத்து எடுத்துக்கொண்டு, தண்ணீர் ஓடும் இடமாகப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட விரும்புகிறார்கள். அதில் ஒரு தனி சுகம் இருக்கிறது.

அதற்கு ஏற்ற இடங்கள் இங்கே பல உண்டு.

முதலாவது, அய்யாற்றின் கரை. ஐந்து ஓடைகள் சேர்ந்து வருவதால் இதற்கு அய்யாறு என்று பெயர் வந்தது என்கிறார்கள். அறப்பளீஸ்வரர் கோவிலை ஒட்டி இந்த ஆறு ஓடுகிறது. இந்தக் கோவிலின் இறைவன் பேரில்தான் அம்பலவாணக் கவிராயர் "அறப்பளீசுர சதகம்" பாடினார்.

கோவிலைத் தாண்டி ஆறு பள்ளத்தாக்கில் விழுகிறது. அதுதான் ஆகாய கங்கை. சுமார் 300 அடி உயரம். அருவியின் அடிக்குப் போக, ஆயிரத்துக்கும் அதிகமான படிகள் இறங்கவேண்டும். இறங்குவது சுலபம். ஏறும்போதுதான் தெரியும்! வயதானவர்களும் இருதய நோயாளிகளும் மேலே கோவில் பக்கம் இருந்துவிடுவது நல்லது.

அவ்வளவு படி இறங்க முடியாதவர்களுக்கு மாசிலா அருவி இருக்கிறது. பெண்களும் பிள்ளைகளும் பயம் இல்லாமல் குளிக்கலாம்.

படகில் போக ஆசைப்படுகிறவர்கள் வாசலூர்ப்பட்டிக்குப் போகலாம். அங்கே படகுக் குழாம் இருக்கிறது.

மலை ஏறாமலேயே அய்யாற்றைப் பார்க்க வேண்டுமா? மலையின் கிழக்குப் பக்கம், திருச்சி மாவட்டத்தில் புளியஞ்சோலை என்ற இடம் இருக்கிறது. ஆகாய கங்கையாக விழுந்த தண்ணீர், பாறைகளுக்கு நடுவே தவழ்ந்து அங்கே வந்து சேர்கிறது. மர நிழலும் மணலும் உள்ள இடம்.

இடம் தேடும்போது மூன்று விஷயங்களைப் பார்க்கவேண்டும்.

ஒன்று, வண்டியை வளைவில் நிறுத்தக்கூடாது. எதிரே வரும் பஸ்சுக்கு உங்கள் கார் தெரியாது.

இரண்டு, மேலே மேகம் கறுத்திருந்தால் ஆற்றின் நடுப்பாறையில் உட்காரக்கூடாது. நீங்கள் இருக்கும் இடத்தில் வெயில் அடிக்கும். மலை உச்சியில் மழை கொட்டும். வெள்ளம் சொல்லிக்கொண்டு வராது. நீர் அதிகமாக இருக்கும் நாட்களில் ஆகாய கங்கைக்குப் போக வனத்துறையினர் தடை போடுவார்கள். அதை மீறக்கூடாது.

மூன்று, தலைக்கு மேலே பார்க்கவேண்டும். அங்கே அழையாத விருந்தாளி உட்கார்ந்திருப்பார்!

யார் இந்த விருந்தாளி?

இது நமது நாட்டுக் குரங்கு. தலையின் உச்சியில் மயிர் வட்டமாகப் படிந்து, குல்லாய் வைத்ததுபோல இருக்கும். அதனால் குல்லாய்க் குரங்கு என்றும் சொல்கிறார்கள். உலகத்திலேயே தென்னிந்தியாவிலும் அதை ஒட்டிய பகுதியிலும் மட்டும்தான் இது இயற்கையாக வாழ்கிறது.

கூட்டம் கூட்டமாக வாழும். தாய் ஒரு தடவைக்கு ஒரு குட்டிதான் போடும். கன்னத்துக்குள் இரண்டு பக்கமும் பை உண்டு. கிடைத்ததை அவசர அவசரமாக அதில் திணித்துக்கொண்டு ஓடிவிடும். மறைவான இடத்துக்குப் போனபிறகு, நிதானமாக எடுத்து மென்று தின்னும்.

அத்திப்பழம், ஆலம்பழம், இளந்தளிர், பூ, புளியங்காய், பூச்சி, புழு இவைதான் அதன் உணவு. இவற்றைத் தேடி நாள் முழுவதும் மரத்துக்கு மரம் அலையும். பழத்தைத் தின்றுவிட்டு வேறு இடத்தில் விதையைப் போடும். அந்த விதை மரம் ஆகும். காடு வளர்வதில் குரங்குக்கும் பங்கு உண்டு.

எங்கு பார்த்தாலும் குரங்காக இருக்கிறதே என்று நாம் நினைக்கிறோம். அப்படி அல்ல. ரோட்டு ஓரத்தில் கூடுவதால் அதிகமாகத் தெரிகிறது. உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம், அழியும் ஆபத்துக்கு இலக்கான இனங்களின் பட்டியலில் இந்தக் குரங்கைச் சேர்த்திருக்கிறது.

கை நீட்டும் குரங்கு

கர்நாடகத்தில் உள்ள பந்திப்பூர் காட்டில் இந்த இனக் குரங்குகளைப் பெங்களூர் ஆராய்ச்சியாளர்கள் கவனித்தார்கள். 2018-ம் ஆண்டில் அந்த ஆராய்ச்சி வெளிவந்தது.

அவர்கள் கண்டது என்ன தெரியுமா?

கையில் உணவு வைத்திருக்கும் மனிதனின் முன்னால் குரங்கு வந்து நிற்கிறது. "கூ" என்று மெல்லக் குரல் கொடுக்கிறது. பிறகு கையை நீட்டுகிறது!

பிச்சை கேட்பதைப்போல இருக்கிறது அல்லவா? மனிதர்களுடன் பழகியதால் வந்த பழக்கம் இது என்று கருதுகிறார்கள்.

இந்தோனேசியாவில் பாலி தீவு இருக்கிறது. அங்கே உலுவாட்டு கோவிலில் உள்ள குரங்குகள் இன்னும் ஒருபடி மேலே போய்விட்டன. அவை வேறு இனம். யாத்திரீகர்களின் மூக்குக்கண்ணாடி, செருப்பு, டெலிபோன் ஆகியவற்றைப் பறித்துக்கொள்கின்றன. சும்மா கேட்டால் திருப்பித் தருவதில்லை. தின்பண்டம் கொடுத்தால்தான் பொருளைப் போடுகின்றன. வயது வந்த குரங்குகளுக்கு, எந்தப் பொருளுக்கு மனிதன் அதிக விலை கொடுப்பான் என்பதுகூடத் தெரிந்திருக்கிறது! 2021-ம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சி இதைச் சொல்கிறது.

பறிப்பது குரங்கு. அதற்குப் பாடம் சொல்லிக் கொடுத்த வாத்தியார் மனிதன்!

வாத்துக்கும் அதே கதை

குரங்குக்கு மட்டும்தான் இந்தக் கதையா? இல்லை.

இங்கிலாந்தில் படகையே வீடாக வைத்துக்கொண்டு நதிகளிலும் கால்வாய்களிலும் போகிறவர்கள் இருக்கிறார்கள். மாலை ஆனதும், நல்ல நிழலான கரையாகப் பார்த்துப் படகைக் கட்டுவார்கள். நம்மைப்போலத்தான்! அங்கே அவர்களுக்குத் தொல்லை கொடுப்பது வாத்துக்கள். கனடா வாத்து என்ற பெரிய இனம். 17-ம் நூற்றாண்டில் அழகுக்காகக் கொண்டுவந்து விட்டார்கள். இன்று அது பெருகி, கரை எல்லாம் எச்சமாக்கி, படகுக்குள் தலையை நீட்டி ரொட்டி கேட்கிறது. காரணம், பார்க்கிறவர்கள் எல்லோரும் ரொட்டி போட்டதுதான்.

ஸ்பெயினின் தெற்கு முனையில் ஜிப்ரால்டர் இருக்கிறது. பிரிட்டிஷ்காரர்களின் வசம் உள்ள இடம். ஐரோப்பாவில் குரங்குகள் காட்டில் வாழ்வது அங்கே மட்டும்தான். "குரங்கு போனால் நமது ஆட்சியும் போகும்" என்று ஒரு நம்பிக்கை. இரண்டாவது உலகப்போரின்போது குரங்குகள் குறைந்துவிட்டன என்று கேள்விப்பட்ட பிரதமர் சர்ச்சில், அவற்றின் எண்ணிக்கையைப் பெருக்கும்படி உத்தரவு போட்டார்!

அப்படிச் செல்லமாக வளர்த்த ஜிப்ரால்டரிலேயே, இன்று சுற்றுலாப் பயணிகள் குரங்குக்குத் தின்பண்டம் கொடுத்தால் அபராதம்.

ஒரு பிஸ்கட்டின் விலை

"பாவம், பசிக்கிறது. ஒரு பிஸ்கட் போட்டால் புண்ணியம்தானே?" என்று என் தாயார் எப்போதும் சொல்வார்.

நல்ல மனசுதான். ஆனால் அந்த ஒரு பிஸ்கட்டால் என்ன நடக்கிறது?

ரோட்டில் பிஸ்கட் கிடைப்பதால் குரங்கு காட்டை விட்டு ரோட்டுக்கு வருகிறது. தாய் வந்தால் குட்டியும் வருகிறது. காட்டில் எதைத் தின்பது, எந்த மரம் எப்போது பழுக்கும் என்று கற்றுக்கொள்ள வேண்டிய குட்டி, காரின் கண்ணாடியைப் பார்த்து வளர்கிறது.

பிஸ்கட்டோடு பிளாஸ்டிக் காகிதமும் போகிறது. அதில் உப்பும் இனிப்பும் ஒட்டியிருப்பதால் குரங்கு அதையும் மெல்கிறது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் 2019-ம் ஆண்டு ஜனவரி 1-ந்தேதி முதல் தடை இருக்கிறது. ஆனால் தின்பண்டக் கம்பெனிகளின் உறைகள் இன்னும் மலையில் பறந்துகொண்டுதான் இருக்கின்றன.

சுற்றுலாக்காரர் வராத நாளில் என்ன ஆகும்? மனிதனிடம் பயம் போன குரங்கு, மலைவாசிகளின் தோட்டத்துக்குப் போகும். பலாவும் வாழையும் அன்னாசியும் அவர்களின் பிழைப்பு. நாம் போட்ட பிஸ்கட்டுக்கு அவர்கள் வரி கட்டுகிறார்கள்!

"பிடித்து வேறு காட்டில் விட்டால் என்ன?" என்று சிலர் கேட்கிறார்கள். விட்ட இடத்துக்குத் தொல்லை போகும். காலியான இடத்துக்கு வேறு கூட்டம் வரும். தீனி இருக்கும்வரை விருந்தாளி இருப்பார்.

சமாளிப்பது எப்படி?

காரவள்ளிப் பாட்டியும், மலைமேல் நாங்கள் சந்தித்த பஸ் டிரைவரும் சொன்ன யோசனைகள் இவை:

சாப்பாட்டை இறுக்கமான மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவில் வையுங்கள். அந்த டப்பாவைத் துணிப்பைக்குள் வையுங்கள். குரங்கு கண்ணால் பார்த்துத்தான் பறிக்கிறது. பளபளக்கும் பொட்டலமும், சரசரக்கும் பையும் அதற்கு அழைப்பிதழ்!

காரவள்ளியில் ஏறும்போதே கார் கண்ணாடியை ஏற்றிவிடுங்கள். வளைவுகளில் இறக்காதீர்கள்.

சாப்பாட்டுப் பையைக் குழந்தையின் கையில் கொடுக்காதீர்கள். (நான் செய்த தவறு இது.)

மரத்தடியில் கூட்டம் இருந்தால், வேறு இடத்துக்குப் போங்கள். சாப்பிடும்போது ஒருவர் காவல் இருக்கட்டும்.

குரங்கின் கண்ணை உற்றுப் பார்க்காதீர்கள். பல்லைக் காட்டிச் சிரிக்காதீர்கள். நமக்குச் சிரிப்பு, அதற்கு அது சண்டைக்கு அழைப்பு. குட்டியைத் தொடவோ, பக்கத்தில் போய்ப் படம் எடுக்கவோ வேண்டாம்.

பையைப் பிடித்துக்கொண்டால் விட்டுவிடுங்கள். இழுபறி வேண்டாம். புளியோதரை போனால் போகட்டும். விரல் முக்கியம்!

கல் எறியக்கூடாது. கம்பால் அடிக்கக்கூடாது. வனவிலங்குகளுக்குச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. அதோடு, ஒன்றை அடித்தால் கூட்டமே திரும்பும்.

இலை, தோல், மிச்சம் எல்லாவற்றையும் அள்ளிப் பையில் போட்டு, ஊருக்கே கொண்டுவந்துவிடுங்கள். நீங்கள் விட்டுப்போகும் எச்சில் இலை, அடுத்து வருகிறவருக்கு வம்பு.

கடித்துவிட்டால்?

கடித்தாலும் சரி, கீறினாலும் சரி, அலட்சியம் கூடாது. குரங்குக்கும் வெறிநோய் வரலாம்.

உடனே காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் வைக்காதீர்கள். துணியால் இறுக்கிக் கட்டாதீர்கள். அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டாக்டர் சொல்லும் நாட்களில் எல்லா ஊசிகளையும் போட்டுக்கொள்ளவேண்டும். பாதியில் நிறுத்தக்கூடாது.

வெறிநோய் வருவதற்கு முன்பு ஊசியால் தடுக்கலாம். நோயின் அறிகுறி தெரிந்தபிறகு பிழைப்பது மிக மிக அரிது.

என் மகனுக்கும் அப்படித்தான் செய்தோம். பாட்டியின் கடைக் குழாயில் 15 நிமிடம் கழுவினோம். மலை ஏறியதும் முதல் வேலையாக ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டோம். அதற்குப் பிறகுதான் ஆற்றுக்குப் போனோம்.

சாப்பாடு? சோளக்காட்டுச் சந்தையில் வாங்கிய வாழைப்பழமும் அன்னாசியும்தான்! அய்யாற்றின் கரையில், தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு, துணியால் மூடி மூடிச் சாப்பிட்டோம். என் மகனுக்கு மட்டும் கோபம் தணியவில்லை. "அந்தக் குரங்கைப் போலீஸில் பிடித்துக் கொடுக்கவேண்டும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

இறங்கும்போது கண்டது

மாலை 4 மணிக்கு இறங்கத் தொடங்கினோம்.

எங்களுக்கு முன்னால் ஒரு வேன் போய்க்கொண்டிருந்தது. அதன் ஜன்னலில் இருந்து முறுக்கும் பிஸ்கட்டும் ரோட்டில் விழுந்தன. உள்ளே ஒரே சிரிப்பு. கட்டைச் சுவரில் இருந்த குரங்குகள் ரோட்டில் குதித்தன. வேன் நிற்காமல் போய்விட்டது.

நாங்கள் மெதுவாக வந்தோம். குரங்குகள் விலகும்வரை காத்திருந்தோம்.

இரண்டு வளைவு தாண்டினோம். அங்கே ரோட்டின் ஓரத்தில் ஒரு தாய்க்குரங்கு உட்கார்ந்திருந்தது. அதன் மடியில் ஒரு குட்டி. குட்டியின் தலை தொங்கியது. ஏதோ ஒரு வண்டியின் சக்கரத்தில் எப்போதோ அடிபட்டிருக்கவேண்டும். தாய் அதன் மயிரைக் கோதிக்கொண்டே இருந்தது. நடுநடுவே கையைத் தூக்கிப் பார்த்தது. கை விழுந்தது. மறுபடியும் தூக்கியது.

பக்கத்தில் பாதி பிஸ்கட் கிடந்தது. தாய் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

காரில் யாரும் பேசவில்லை.

என் தாயாரின் மடியில் ஒரு பிஸ்கட் பொட்டலம் இருந்தது. குரங்குகளுக்குப் போடலாம் என்று சோளக்காட்டில் வாங்கி வைத்திருந்தார். அதை மெதுவாக எடுத்துப் பைக்குள் அடியில் வைத்தார்.

கொஞ்ச தூரம் போனபிறகு, என் மகன் கேட்டான்:

"அப்பா, காலையில் அந்தக் குரங்கு என்னிடம் வந்ததே, அதற்கும் யாரோ இப்படித்தான் போட்டுப் பழக்கியிருப்பார்களா?"

"ஆமாம்" என்றேன்.

"அப்படியானால் அதைப் போலீஸில் கொடுக்கவேண்டாம்" என்றான்.

காரவள்ளியில் இறங்கி, பாட்டியின் கடையில் மறுபடியும் டீ குடித்தோம். இந்தத் தடவை பை காரின் உள்ளே இருந்தது. கண்ணாடி ஏற்றியிருந்தது.

கடுவன் மரத்தில் இருந்து எங்களைப் பார்த்தது. கையில் ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும், திரும்பி ஒரு புளியங்காயைப் பறித்துக் கடிக்கத் தொடங்கியது.